தீபம் வரை செல்லும்: ஏழு வருடப் பழைய சீட்டில் ராட்டினம் ஏறிய கதை

வீட்டில் பழைய தீம் பார்க் டிக்கெட் கிடக்கிறது, தேதி முடியவில்லை, இப்போது கொண்டுபோனால் உள்ளே விடுவார்களா என்று வாசகர் ஒருவர் போன வாரம் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். விடுவார்கள், விடாமலும் போவார்கள். என் அனுபவத்தில் விட்டார்கள். ஆனால் அது நடந்தது 1984ல், திருவண்ணாமலையில். தீம் பார்க் என்ற சொல்லே அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. தீபத் திருவிழா சமயத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் மைதானத்தில் ராட்டினம் போடுவார்கள், எங்களுக்கு அதுதான் எல்லாம். 1977ல் வாங்கிய சீட்டை 1984ல் கொண்டுபோய் நீட்டினேன். அந்தப் பயணத்தைத்தான் எழுதப்போகிறேன். நடுவில் என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

முதலில் 1977. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். திருவண்ணாமலையில் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கமாக வாடகை வீடு. என் மனைவி மல்லிகாவின் அக்கா தனம், கீழ்பென்னாத்தூரில் வாக்கப்பட்டவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் கணவர் ஏழுமலை, அதாவது என் சகலை, அங்கே மல்லாட்டை போடும் விவசாயி. மல்லாட்டை என்றால் நிலக்கடலைதான், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தீபத்துக்கு நாலு நாள் முன்பு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாயங்காலம் நாலு பேருமாக ராட்டினம் பார்க்கக் கிளம்பினோம். நான் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டேன். குளிருக்கு என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் சகலை எதிரில் கொஞ்சம் மிடுக்காக இருக்கத்தான்.

தனம் அண்ணி இரண்டு ரூபாய் கொடுத்து ஒரு சீட்டு வாங்கினார். ராட்டினத்தில் நாலு பேர் எதிரும் புதிருமாக உட்காரும் பெட்டிக்குத் தொட்டி என்று பெயர். ஒரு தொட்டிக்கு ஒரு சீட்டு. மஞ்சள் தாளில் 'ஒரு தொட்டி, 4 பேர்' என்று அச்சடித்து, கீழே 'தீபம் வரை செல்லும்' என்று ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தார்கள். வரிசையில் நின்று எங்கள் முறை வருவதற்குள் மழை கொட்டிவிட்டது. கார்த்திகை மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ராட்டினத்தை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னார்கள்: "வாங்கின சீட்ட பத்திரமா வெச்சிக்குங்க, தீபம் வரைக்கும் செல்லும்!"

அண்ணி சீட்டை மல்லிகா கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிக்கடி, தீபத்தன்னிக்கு வந்து ஏறலாம்" என்றார். மறுநாள் காலையில் இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள், களத்தில் காயப்போட்ட மல்லாட்டை நனைந்துகொண்டிருந்தது. அன்று மதியம் விழுப்புரத்திலிருந்து என் அக்கா குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி மைதானத்துக்குப் போனோம், புதிதாகச் சீட்டு வாங்கி ராட்டினம் ஏறினார்கள், மல்லிகாவும் கூட ஏறினாள். இதைக் கீழ்பென்னாத்தூர்க்காரர் யாரோ பார்த்துப் போய் அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

தீபத்தன்று அண்ணி வந்தார். வந்ததும் சீட்டைக் கேட்டார். மல்லிகா தேடினாள், காணோம். "உங்ககிட்ட குடுத்தேனா?" என்று என்னைக் கேட்டாள். நான் கோட்டின் உள்பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. "என்கிட்ட நீ தரவே இல்ல" என்று அடித்துச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு வெயிட்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

"நான் ஆசையா வாங்கின சீட்டுல உன் நாத்தனார ஏத்திட்டு, காணோம்னு நாடகம் ஆடுறியா? திருடி!" என்றார் அண்ணி. ரெண்டு ரூபாய் விஷயம் இல்லை. அக்காவை விட நாத்தனார் ஜாஸ்தியாகிவிட்டாளா என்பதுதான் விஷயம். "நீ அந்த வார்த்தைய வாபஸ் வாங்குற வரைக்கும் உன்கிட்ட பேசமாட்டேன்" என்றாள் மல்லிகா. இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். ஏழு வருடம் காப்பாற்றினார்கள்.

அடுத்த வருடமே எனக்குத் தாம்பரத்துக்கு மாற்றலாகிவிட்டது. கல்யாணம் காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் அக்கா ஒரு பந்தியில், தங்கை அடுத்த பந்தியில். மல்லிகா பிரசவத்துக்குக் கூட அக்கா வரவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், எனக்கு அது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சகலைகள் நாங்கள் இருவரும் மட்டும் திருட்டுத்தனமாகத் தொடர்பில் இருந்தோம். அவர் லெட்டர் என் ஆபீஸ் விலாசத்துக்கு வரும், நான் எழுதுவது அவர் உரக்கடை நண்பர் மூலமாகப் போகும். காதலர்கள் கூட அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டார்கள்.

1984 ஐப்பசியில் ஆபீஸ் நண்பர் வீட்டு ரிசப்ஷனுக்காக அந்தக் கோட்டை வெளியே எடுத்தேன். பொத்தான் போடமுடியவில்லை, வயிறு அப்படி வளர்ந்திருந்தது. பிரித்து அகலமாக்கித் தரச்சொல்லி டெய்லரிடம் கொடுத்தேன். மறுநாள் போனபோது, "சார், உள்பாக்கெட் ஓட்டை. லைனிங்குக்குள்ள இது கெடந்துச்சி" என்று ஒரு மஞ்சள் தாளை நீட்டினார். ஊதா மை கூட மங்கவில்லை. அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மழையில் சீட்டு நனையக்கூடாது என்று மல்லிகா என்னிடம்தான் கொடுத்திருக்கிறாள். நான்தான் கோட்டில் வைத்திருக்கிறேன். பிறகு நானே இல்லை என்று சாதித்து அவளையும் நம்பவைத்திருக்கிறேன்.

உடனே வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. ஆபீஸ் மேஜை டிராயரில் பூட்டிவைத்தேன். ஏழுமலைக்கு மட்டும் லெட்டர் போட்டேன். மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நேத்துதான் டெய்லர் குடுத்தாரு" என்று மல்லிகா கையில் வைத்தேன். அவள் சண்டை போடவில்லை. முத்திரையை ஒரு தடவை படித்தாள். "இத அவகிட்ட காட்டணும். நான் பேசமாட்டேன், நீங்க காட்டுங்க" என்றாள்.

இனி பயணம். தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு, தேர் முடிந்த மறுநாள், ஒரு நாள் கேஷுவல் லீவு போட்டேன். ஆறு வயதுப் பையனை என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் காலை 5.40க்குத் தாம்பரத்தில் பஸ் பிடித்தோம். திருவிழாவுக்காக விட்ட சிறப்புப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலை ஏறத்தாழ 160 கிலோமீட்டர், ஆளுக்குப் பதிமூன்று ரூபாய் டிக்கெட். எனக்கு நிற்கத்தான் இடம், மல்லிகாவுக்குப் பெண்கள் சீட்டில் ஓரம் கிடைத்தது. எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் பத்து நிமிடம் நின்றது. டீ ஐம்பது காசு, வடை சுமார். செஞ்சி தாண்டியதும் மழை விட்டு வெயில் வந்தது. சட்டைப் பையில் சீட்டு இருக்கிறதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், பக்கத்தில் நின்றவர் தன் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

9.35க்குக் கீழ்பென்னாத்தூர். லெட்டரில் பேசிவைத்தபடி ஏழுமலை அங்கே நின்றுகொண்டிருந்தார். திருவிழா மாட்டுச் சந்தையில் கழுத்துமணி வாங்கலாம் என்று சொல்லி அண்ணியையும் கூட்டிவந்திருந்தார். அண்ணி படியில் ஏறினார், மல்லிகாவைப் பார்த்தார், ஏறின காலைக் கீழே வைத்தார்.

"என்னாங்க, அடுத்த பஸ்ல போலாம்."

"அடுத்த பஸ்ஸும் இப்டிதாம்மா வரும். ஏறு, உள்ள போ, உள்ள போ" என்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அந்தக் கண்டக்டருக்கு இன்றும் நான் கடன்பட்டிருக்கிறேன். மல்லிகா நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். அண்ணி உட்காரவில்லை. பின்னால் நின்ற வேறொரு அம்மா சந்தோஷமாகக் குந்திக்கொண்டார். மீதி பதினெட்டு கிலோமீட்டரும் அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

10.20க்கு ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள், திருவிழா நாட்களில் பஸ் உள்ளே போகாது. அங்கிருந்து மைதானம் ஒன்றரை கிலோமீட்டர், வேங்கிக்கால் போகிற பக்கம். இன்று கலெக்டர் ஆபீஸும் வீடுகளுமாக இருக்கும் அந்தப் பகுதி அன்று வெறும் வயல். முன்னால் சகலைகள், பின்னால் பத்தடி இடைவெளியில் அக்காவும் தங்கையும். மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேதான் நடந்தேன். ராட்டினம் தெரிந்ததும் நான் நின்றுவிட்டேன். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். சீட்டை எடுத்து அண்ணியிடம் நீட்டினேன்.

"அண்ணி, இத பாருங்க. அன்னிக்கி வாங்கின சீட்டு. இதுல யாரும் ஏறல."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏறிட்டு வந்து எடுத்து வெச்சிருந்தா? சீட்டு இருந்தா ஏறலன்னு ஆயிடுமா தம்பி?" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. மல்லிகா முகம் செத்துப்போனது. நான் கையாலாகாமல், "வாங்க, கவுண்ட்டர்லயே கேப்போம்" என்றேன். "கேளுங்க, நானும் பாக்குறேன்" என்று அண்ணியும் வந்தார். இது ஏற்கெனவே ஏறின சீட்டு, செல்லாது என்று அங்கே சொல்லிவிட்டால் மல்லிகா ஆயுசுக்கும் திருடிதான். 

கவுண்ட்டரில் இருந்தவர் ஒரு முப்பது வயதுக்காரர். சீட்டைப் பார்த்ததும் சிரித்தார். "சார், இது எந்தக் காலத்து சீட்டு? இப்ப ஒரு ஆளுக்கே ஒன்னரை ரூவா. இதெல்லாம் செல்லாது, தள்ளுங்க."

"தீபம் வரை செல்லும்னு போட்டிருக்கே" என்றேன்.

"அது அந்த வருஷத்து தீபம் சார்."

"வருஷம் போடலியே!"

வரிசையில் நின்றவர்களுக்கு வேறென்ன வேலை? சீட்டு கை மாறிக் கை மாறி எல்லாரும் படித்தார்கள். "ஆமாம்பா, எந்த தீபம்னு போடலியே" என்றார் ஒருவர். "தீபம் இன்னும் ஏத்தல இல்ல? நாளன்னிக்குதானே? அப்ப செல்லும்" என்றார் தலையில் துண்டு கட்டிய இன்னொருவர். கோர்ட்டில் வாதாடுவதைப் போல அவ்வளவு தீவிரமாகச் சொன்னார். சத்தம் கேட்டு ராட்டினத்துச் சொந்தக்காரரே எழுந்து வந்தார், அறுபது வயதிருக்கும், கையெல்லாம் கிரீஸ். சீட்டை வாங்கி முத்திரையைப் பார்த்தார். பிறகு அதன் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார்.

"இது ஏறாத சீட்டும்மா" என்றார்.

"எப்டி சொல்றீங்க?" அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஒரு தொட்டி, நாலு பேரு. ஒரு ஆளு ஏறினா ஒரு மூலைய கிழிச்சிடுவோம். ரெண்டு பேர் ஏறினா ரெண்டு மூல. கிழிக்காம ஒருத்தர் கூட தொட்டியில கால் வெக்க முடியாது, அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். தோ பாருங்க, நாலு மூலையும் முழுசா இருக்கு."

எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? கவுண்ட்டர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். மல்லிகா அழவில்லை, தலையை நிமிர்த்தி நின்றாள். அவ்வளவுதான், ஆனால் அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் ஏழு வருடமாகப் பார்த்ததில்லை. பெரியவர் கவுண்ட்டர்காரரிடம், "நாம குத்தின முத்திர. தீபம் நாளன்னிக்குதான். ஏறச்சொல்லு" என்றார். வரிசையில் கைதட்டினார்கள்.

ஒருவர் பின் ஒருவராக ஏறினோம், ஏற ஏற அவர் ஒவ்வொரு மூலையாகக் கிழித்தார். ஆண்கள் ஒரு பக்கம், எதிரில் அக்காவும் தங்கையும், அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. மணி அப்போது 11.15. ராட்டினம் கிளம்பி முதல் சுற்றில் உச்சிக்குப் போனது. அங்கிருந்து கோபுரமும் மலையும் ஊரும் ஒன்றாகத் தெரியும், ரசிக்கத் தோதான இடம். நான் ரசிக்கவில்லை. அண்ணிக்கு உயரம் என்றால் பயம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தொட்டி உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதும் அலறிக்கொண்டு மல்லிகாவின் கையைக் கவ்விப் பிடித்தார்.

"மல்லி! என்ன புடிச்சிக்கடி! உட்ராதடி!"

மல்லிகா அசையவில்லை. "திருடி கைய எதுக்கு புடிக்கிற?" என்றாள். ஏழு வருடத்தில் அவள் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீ திருடி இல்லடி, நான்தான் தப்பா சொல்லிட்டேன், என் வாயில கொள்ளி வெக்க! ஐயோ எறக்கச் சொல்லுடி!" அண்ணி அழுதது பயத்திலா துக்கத்திலா என்று தெரியவில்லை, இரண்டும்தான். மல்லிகா அக்காவை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நானும் ஏழுமலையும் மலையைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

நாலாவது சுற்றில் அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப சீட்டு எங்கதான்டி இருந்துச்சி?" என்று கேட்டார்.

"என் கோட்டுலதான் அண்ணி. நான்தான் வெச்சேன். மறந்துட்டேன்" என்றேன். பேச்சு அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். சகலைக்கு என்ன தோன்றியதோ, எனக்கு ஆதரவாகப் பேசுகிறாராம்: "பாவம், சகல அதே நெனப்பாவே இருந்துருக்காரு. ஐப்பசியிலயே லெட்டர் போட்டுட்டாரே எனக்கு!"

மல்லிகா நிமிர்ந்தாள். "ஐப்பசியிலயா? நேத்துதான் டெய்லர் குடுத்தாருன்னு கார்த்திகை பொறந்துதானே என்கிட்ட சொன்னீங்க?"

"ஏன் தம்பி, அவ்ளோ நாளா மறைச்சி வெச்சிருந்தீங்க?" என்றார் அண்ணி. "அத்தோட, நீங்க ரெண்டு பேரும் லெட்டர் வேற போட்டுக்கிறீங்களா?" என்று ஏழுமலைப் பக்கம் திரும்பினார். அதன் பிறகு அக்காவும் தங்கையும் மாறி மாறி எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி நிறுத்தின இடத்தில் இன்னொருத்தி தொடங்கினாள். தொட்டிக்குள் ஓடி ஒளிய இடம் கிடையாது, இன்னும் ஆறு சுற்று பாக்கி. அவ்வளவு திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

இறங்கியபின் கோயிலுக்குள் நுழைய முடியாத கூட்டம், வெளியிலிருந்தே கும்பிட்டோம். மெஸ்ஸில் நாலு சாப்பாடு பதினான்கு ரூபாய். சந்தையில் அண்ணி நிஜமாகவே ஒரு கழுத்துமணி வாங்கினார். மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். கீழ்பென்னாத்தூர் வந்ததும் மல்லிகாவும் எழுந்துகொண்டாள். "நீங்க போங்க. நான் அக்கா வூட்ல நாலு நாள் இருந்துட்டு வரேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். நான் மட்டும் எட்டரைக்குத் தாம்பரம் சேர்ந்தேன்.

பழைய சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சீட்டை மடக்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள், எந்த மூலையில் எந்த சாட்சி இருக்கிறதோ தெரியாது. கவுண்ட்டரில் முடியாது என்றால் பொறுமையாகப் பெரியவரைக் கேளுங்கள், கூட்டம் இல்லாத முற்பகலில் போனால் அவருக்கும் பேச நேரம் இருக்கும். தேதியைப் பார்ப்பதோடு அதில் எழுதியிருக்கிற வார்த்தையையும் படியுங்கள். யார் யாருக்கு என்று வாங்கினீர்களோ அவர்களையே கூட்டிப்போங்கள், சிரமம்தான், ஆனாலும் கூட்டிப்போங்கள். ஒரு பொருளைத் தேடும்போது வீட்டில் யாராவது 'உங்ககிட்ட குடுத்தேனா' என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால் பாக்கெட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காததால் இரண்டு பேருக்கு ஏழு வருடம் போயிற்று, அதை என்னால் திருப்பித் தரமுடியவில்லை.

நாலு நாள் என்று போனவள் பதினோராம் நாள்தான் வந்தாள். தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. ஜலதோஷமா என்று கேட்டேன். இல்லை, பேசிப் பேசித்தான், எழுபத்தி ஏழில் தொடங்கி இன்னும் எண்பத்தி ரெண்டு வரைக்கும்தான் வந்திருக்கிறோம், மீதிக்குப் பொங்கலுக்கு அக்கா இங்கே வருகிறாள் என்றாள்.